பச்சோந்தி செய்த குறிக்குழல்

சுனைக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளைச் செந்நாய்கள் விடாமல் வேட்டையாடின. அந்தச் செந்நாய்களை விரட்டுவது கடுவன் என்ற குரங்கின் வேலை. வளைத்துக் கட்டிய மூங்கிலில் கல்லேற்றி எறியும். பாதிக் கல் குறி தப்பும்.

"குறி பார்க்க ஒன்று செய்து தருகிறேன்" என்றது விழியன் என்ற பச்சோந்தி. ஒல்லியான குழல் ஒன்றை எறிமூங்கிலோடு சேர்த்துக் கட்டியது. குழல் வழியே எது தெரிகிறதோ, அதன்மேல் கல் விழும்.

கடுவன் கண்ணை வைத்துப் பார்த்தது. "அண்ணே, இந்த வட்டத்தைத் தவிர மத்ததெல்லாம் இருட்டா இருக்கே."

"இன்னொரு கண்ணால் சுற்றிலும் பாரேன்."

"அந்தக் கண்ணும் இந்தக் கண்ணுகூடத்தானே போகுது?"

"சோம்பேறித்தனம்! பழகு, தானா வரும்."

கடுவன் பழகியது. மரத்தில் தொங்கிய சுரைக்காயைத் தவறாமல் அடித்தது. சுரைக்காய்க்குக் குறுக்கே யாரும் வந்ததில்லை. "என் குழல், என் பயிற்சி" என்று விழியன் காடெல்லாம் சொல்லித் திரிந்தது.

ஒரு மாலை செந்நாய் வந்தது. கடுவன் அதை வட்டத்துக்குள் பிடித்துக் கல்லை விட்டது. பக்கத்திலிருந்து மிரண்டு ஓடிவந்த புள்ளிமானை அது பார்க்கவேயில்லை. கல் பட்டு மானின் முன்னங்கால் முறிந்தது.

மறுநாள் சுனையருகே சபை கூடியது.

"குருட்டுப் பயலைக் காட்டைவிட்டே துரத்துங்க" என்று உறுமியது காட்டுப்பன்றி.

தலைவரான யானை விழியனிடம் கேட்டது: "பழக்கியவர் நீர். என்ன சொல்கிறீர்?"

"குழலில் குறையில்லை" என்றது விழியன்.

கடுவன் தலைகுனிந்தபடி சொன்னது: "அண்ணன் மேல தப்பில்லைங்க. அவர் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பார்க்கிறாரு. எனக்குத்தான் வரலை."

விழியனுக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில்கூட அதன் ஒரு கண் யானைமேலும் மறு கண் மான்மேலும் இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று அதுவரை நினைத்திருந்தது. கடுவனைப் பார்த்தது. அதன் இரண்டு கண்களும் சேர்ந்தே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விழியன் மெல்ல ஊர்ந்துபோய், ஒரு கண்ணைச் சேற்றால் அப்பிக்கொண்டு குழலில் பார்த்தது. சின்ன வட்டம். சுற்றிலும் இருட்டு. பக்கத்தில் கிடந்த மானைக் காணோம்.

"அவனை விடுங்க. இதை முதல் நாளே சொன்னான். நான்தான் காதில் வாங்கவில்லை" என்றது.

கடுவன் காவலுக்குத் திரும்பியது. விலங்குகள் குழலை அவிழ்த்து எறிந்தன. மான் கடைசிவரை நொண்டியது. அது சுனைக்கு வரும்போதெல்லாம் விழியன் இரண்டு கண்களையும் மூடிக்கொள்ளும்.

தன் கண்ணுக்குப் பொருந்தியதை அடுத்தவர் கையில் கொடுப்பவர், அவர் சொல்லும் சங்கடத்தைச் சாக்கென்று தள்ளக் கூடாது.