பரிசலுக்கு எட்டுக் கால்

"இன்னும் என்ன பண்ணோணும் அம்மிணி? யானையக் கொண்டாந்து நிறுத்தட்டுமா?"

கேட்டவர் சடையப்பன். வயது அறுபத்திரண்டு. பவானிக் கரையில் புங்கந்துறைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைக் கவனிக்கும் ஊர்க்குழுவுக்குத் தலைவர்.

கேட்டது பரிசல் ஓட்டும் பொன்னரசியிடம். அவளுக்கு முப்பத்து நாலுதான். ஆனால் ஆற்றைப் பற்றி எதுவானாலும் அவள்தான் அவருக்குக் குரு. இதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

பாவம், மனுஷர் செய்யாதது ஒன்றில்லை. மாலை, மேளம், பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறினார்கள். ஒருவர்கூட ஊரில் தங்கவில்லை.

நாளை சாயங்காலம் ஊர்க்கூட்டம். அதற்குள் ஒருவராவது தங்குகிறேன் என்று சொல்லாவிட்டால் படித்துறை ஓட்டல் கம்பெனிக்குக் குத்தகை. அப்புறம் சொந்த ஆற்றில் குளிக்க வாட்ச்மேனைக் கேட்க வேண்டும்.

"நாளைக்கு வர்றவங்கள எங்கிட்ட விடுங்க மாமா. மேளம் வேண்டாம். டிராக்டரும் வேண்டாம்."

"டிராக்டர் இல்லாம எப்படித் திரும்பி வருவாங்க?"

பொன்னரசி துடுப்பைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். பரிசல் நீரோட்டத்தோடு சுழன்று சுழன்று இறங்கியது.

பரிசல் எதிர்நீரில் ஏறாது. கீழே போனதைத் தலையில் கவிழ்த்து, கரைவழியே சுமந்து வருவதுதான் புங்கந்துறை வழக்கம். விருந்தாளிகளுக்கு மட்டும் டிராக்டர் வரும்.

இரண்டு மைல் தள்ளி பொன்னரசி பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்தாள்.

"நாலு பேர் உள்ள வாங்க. மத்தவங்க மாத்திக்கலாம்."

கரையோடு மொபெட்டில் வந்திருந்த சடையப்பன் தலையில் கைவைத்தார்.

"விருந்தாளிங்க அம்மிணி. வெளிய சொன்னா நம்ம மானம் போயிரும்."

"பேசாம வாங்க மாமா."

பரிசல் எட்டுக் காலோடு வரப்பில் நடந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏ பொன்னரசி, புது மாப்பிள்ளைங்களா? நேரா நடக்கச் சொல்லு."

கண்ணாடி போட்ட ஒருவர் சேற்றில் விழுந்தார். கேலி பேசியவளே ஓடிவந்து தூக்கிவிட்டாள். கம்பங்கூழ் ஊற்றினாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். அவரும் அவளை விசாரித்தார். இப்படியே வயலுக்கு வயல் நின்று நின்று வந்தார்கள்.

துறையை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பந்தலில் ஊர் கூடியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் கம்பெனிக்காரர் குத்தகைப் பத்திரத்தோடு காத்திருந்தார். பஸ் ஹாரன் அடித்தது.

ஏழு பேரும் சேறும் வேர்வையுமாகப் பரிசலை இறக்கினார்கள். சடையப்பன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

கண்ணாடிக்காரர் பஸ்ஸைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்தார். பிறகு பொன்னரசியிடம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் தூக்கணும்?"

பஸ் காலியாகப் போனது.

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தலுக்குள் போய் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். முன்வரிசைக்கு வந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க தம்பி."