கஜானாதிகாரி குடித்தனம் நடத்திய பதினைந்து நாள்

முன்னொரு காலத்திலே நெடுங்கரை நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கிடாச் சண்டை பார்க்கவே அவருக்குப் பொழுது போதாது. கணக்கு ஓலையைக் கண்டாலே மனுஷருக்குத் தலைவலி வந்துவிடும்.

அமாவாசைக்கு அமாவாசை அரண்மனை வேலைக்காரர்களுக்குச் சம்பளம். ராஜா ஓலையில் முத்திரை குத்தினால்தான் கஜானா திறக்கும். மனசு வந்தால் குத்துவார். வராவிட்டால் இரண்டு மாதம், மூன்று மாதம் அப்படியே கிடக்கும். ஆனால் வீட்டு வரி மட்டும் பௌர்ணமி தவறக் கூடாது. பொழுது சாய்வதற்குள் கட்டாதவர் வீட்டுக் கதவைக் கழற்றி அரண்மனைக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். இப்படியும் ஒரு சட்டமா, கர்மம்!

மந்திரி ஆதிமூலத்துக்கு இதெல்லாம் தெரியும். ராஜா எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் சிரிக்கவைக்கிற வாய் அவர் ஒருத்தருக்குத்தான் உண்டு. ஆனாலும் சம்பளப் பேச்சை அவர் எடுத்ததில்லை. ராஜாவின் முகம் சுருங்கும், நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் சபைக்கு ஒரு பெண் வந்து நின்றாள்.

"யானைப்பாகன் வேலப்பன் பெண்சாதி சாமி. பேரு ஆவுடை. சம்பளம் வந்து மூணு மாசமாச்சு. கதவும் போச்சு."

கஜானாதிகாரி பரமானந்தருக்கு மந்திரியின் மேல் தீராத பொறாமை. தானும் ஒரு தடவையாவது ராஜாவைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார். "மாதம் பத்துப் பணம்! அதற்குள் செலவு பண்ணத் தெரியாதவளுக்குக் கதவு ஒரு கேடா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆவுடை அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அரிசிக்கு நாலு, உப்பு புளி எண்ணெய்க்கு ரெண்டு, விறகுக்கு ஒண்ணு, வரிக்கு ரெண்டு. மிச்சம் ஒண்ணை நோய்நொடிக்குன்னு முடிஞ்சு வைப்பேன். யாருக்கும் ஒரு நாள் தவறினதில்லை சாமி. சம்பளம் நின்னதும் முடிஞ்சு வெச்சதையும் வரிக்கே கட்டினேன். ஐப்பசியிலே அதுவும் தீர்ந்துபோச்சு. அடைமழையிலே கதவைக் கழட்டினாங்க. சாரல் அடுப்பு வரைக்கும் வந்துச்சு. மூணு வயசுப் புள்ளை, செம்பகம். குளிர்ஜுரம். வைத்தியருக்குக் கொடுக்கக் கையிலே ஒண்ணுமில்லை. எட்டாம் நாள் போயிட்டா. இன்னும் ஒரு கைப்புள்ளை இருக்கு. அதையாவது காப்பாத்தணும்."

அதைக் கேட்டும் பரமானந்தருக்கு நாக்கு அடங்கவில்லை. "அதே பத்துப் பணத்தில் நான் குடித்தனம் நடத்துகிறேன் மகாராஜா. இரண்டு பணம் மிச்சமும் பிடித்துக் காட்டுகிறேன்!"

அந்தச் செம்பகத்தை ஆதிமூலம் பார்த்திருக்கிறார்; அப்பனோடு யானைக் கொட்டடிக்கு வரும். மெல்ல எழுந்தார்.

"நல்ல பந்தயம் பிரபு! வருகிற அமாவாசையிலிருந்து கஜானாதிகாரி பாகர் தெருவில், பாகன் சம்பளத்தில் குடியிருக்கட்டும். சொந்தக் காசைத் தொடக் கூடாது. ஜெயித்தால் என் மந்திரி மோதிரம் அவருக்கு. தோற்றால் இந்த அம்மாள் கேட்பதை நீங்கள் கொடுக்க வேண்டும்."

பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சாப்பாடு வேண்டாம். "ஆகட்டும்!" என்றார். அன்றைக்கே ஆதிமூலம் தன் கையிலிருந்து இரண்டு பணம் வரி கட்டி ஆவுடை வீட்டுக் கதவை அனுப்பிவைத்தார்.

அமாவாசை வந்தது. பாகர்களோடு பரமானந்தர் பெயரையும் சேர்த்துச் சம்பள ஓலை எழுதி, ராஜாவின் பக்கத்தில் வைத்தார் ஆதிமூலம். அவ்வளவுதான் அவர் செய்தது. ராஜா புதுக் கிடா வாங்கியிருந்தார். ஓலை கிடந்தது.

ஐந்தாம் நாள் பரமானந்தர் ஓடிவந்தார். "என் பத்துப் பணம் எங்கே ஐயா?"

"ராஜா முத்திரை குத்தவில்லையே."

"கேட்கக் கூடாதா?"

"விளையாட்டு நேரத்தில் ராஜாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது உங்கள் உத்தரவுதானே?"

மளிகைக்காரர் பத்து நாள் கடன் கொடுத்தார், பதினோராம் நாள் கையை விரித்துவிட்டார். பௌர்ணமியன்று சாயங்காலம் சேவகர்கள் வந்து பரமானந்தர் கண்ணெதிரே கதவைக் கழற்றினார்கள். அடுத்துக் கழற்ற வேண்டிய கதவு பக்கத்து வீட்டு ஆவுடையுடையது. பரமானந்தர் அவிழ்ந்த தலைப்பாகையைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு சபைக்கு ஓடினார். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆவுடையும் பின்னாலேயே ஓடினாள்.

"மகாராஜா! சம்பளமே கொடுக்காமல் வரி கேட்டால் எவன் கட்டுவான்?"

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரய்யா உனக்குச் சம்பளம் கொடுக்காதவன்?"

ஆதிமூலம் ஓலையை எடுத்து ராஜாவின் மடியில் வைத்தார். முத்திரை குத்த வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் மூன்று ஓலைகள். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆவுடையை அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

நான்கு ஓலையிலும் முத்திரை குத்தினார். கதவு கழற்றும் சட்டம் அன்றே ஒழிந்தது. அமாவாசையன்று சம்பளம் போய்ச் சேராமல் தனக்கு இலை போடக் கூடாது என்று சமையல்காரருக்கு உத்தரவு போயிற்று. பரமானந்தரின் கஜானாச் சாவியும் பறிபோயிற்று.

"அம்மா, நூறு பொன் தருகிறேன், வாங்கிக்கொள்," என்றார் ராஜா.

"வேணாம் சாமி. எங்க நாலு மாசச் சம்பளம் நாப்பது பணம் போதும். கடைக்காரருக்கு இருபத்துநாலு, விறகுக்கு நாலு, வரிக்கு ரெண்டு, குழி வெட்டினவருக்கு ஒண்ணு. எல்லாம் இன்னைக்கே கொடுத்துடுவேன்."

ராஜா முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிமூலத்தின் கழுத்தில் போட்டார். சபை ஆரவாரித்தது.

ஆவுடை ஆதிமூலத்திடம் வந்து, கஜானாவிலிருந்து வந்த தன் பணத்தில் இரண்டை எண்ணி அவர் கையில் வைத்தாள். "நீங்க வரி கட்டின காசு. உங்க புத்தியாலேதான் எல்லாம் நடந்துச்சு, நல்லா இருங்க சாமி. இதை ஐப்பசிக்கு முன்னாடியே ராஜாகிட்டே சொல்லியிருக்கக் கூடாதா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கடை அடைப்பதற்குள் போக வேண்டியிருந்தது.