தூங்கலையே, சொல்லுங்க!

ஒரு நகரத்தின் மூன்றாவது மாடி வீடொன்றுக்கு மத்தியானத் தூக்கம் தினமும் விருந்தாளியாக வந்துபோய்க்கொண்டிருந்தது. ராத்திரித் தூக்கத்தின் உடன்பிறப்புதான் அது. ஆனால் அதைப்போல் கட்டில் கொடு, போர்வை கொடு என்று அடம்பிடிக்காது. தரையில் ஒரு பாயும் இருபது நிமிஷமும் போதும். இவ்வளவு சிக்கனமான விருந்தாளி இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

அந்த வீட்டுக்காரி சுபாஷிணி. விடிகாலை ஐந்தேகாலுக்கு எழுந்தால், பெரியவள் இனியாவைப் பள்ளி வேனில் ஏற்றி, உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே உத்தியோகம் பார்க்கும் கணவன் கதிரேசனுக்கு மூன்று தடவை காபி கொடுத்து, இரண்டு வயதுச் சின்னவளை வீடு முழுக்கத் துரத்திச் சோறூட்டி, அவளைத் தட்டித் தூங்கவைத்து நிமிரும்போது மணி இரண்டாகிவிடும். சரியாக அப்போதுதான் தூக்கம் வரும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பாயின் ஓரத்தில் உட்காரும்.

இரண்டு இருபதுக்குச் செல்போன் கத்தும். திருச்சியிலிருந்து கதிரேசனின் அக்கா மரகதம்.

"என்ன சுபா, தூங்குறியா?"

"ஐயோ, தூங்கலையே, சொல்லுங்க அண்ணி! துணி மடிச்சிட்டு இருக்கேன்."

அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் தூக்கத்துக்கு எப்படி இருக்கும்? கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, ஆள் வந்ததும் 'இவரா, யாரென்றே தெரியாது' என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கூரியர் வந்தாலும் இதே கதைதான். எதிர்வீட்டு அம்மாள் தயிருக்கு உறை கேட்டு வந்தாலும் இதே கதைதான். "தூங்கிட்டிருந்தீங்களா?" "சேச்சே!" அப்படிச் சொல்லும்போது தலையணை உறையின் தையல் அவள் கன்னத்தில் ரயில் தண்டவாளம் மாதிரிப் பதிந்திருக்கும்.

"நானும் தினம் முத்திரை குத்தித்தான் அனுப்புறேன். அப்பவும் இல்லைங்கிறா" என்றது தலையணை.

"ஞாயித்துக்கிழமை இதே வீட்டுல எனக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்திருக்கியா?" என்றது தூக்கம். "கதிரேசன் பிரியாணியைச் சாப்பிட்டுச் சாயுறான். திரைச்சீலையை இழுத்து விடுறாங்க. ஃபேன் அஞ்சுல சுத்துது. 'அப்பா தூங்குறாங்க, சத்தம் கேட்டுச்சு, தோலை உரிச்சுடுவேன்'னு இவளே வாசல்ல காவல் நிக்கிறா. ஞாயித்துக்கிழமை நான் மாப்பிள்ளை. திங்கக்கிழமை நான் திருடன்."

"அவ பயப்படுறா" என்றது பாய். எல்லாரையும் தாங்கிப் பழகியதால் அது கொஞ்சம் நிதானமாகவே பேசும்.

"யாருக்கு?"

"'வீட்டுல சும்மாத்தானே இருக்கா'ன்னு ஒரு பேச்சு இருக்கு பாரு, அதுக்கு. அந்தச் 'சும்மா' இந்த வீட்டு ஜன்னலையே சுத்திக்கிட்டுத் திரியுது. அவ படுத்திருக்கிறதை அது பார்த்துட்டா போச்சு. அதான் மடிச்ச துணியையே மறுபடி மடிக்கிறா."

"அப்படின்னா 'கண் அசந்துட்டேன்'னாவது சொல்லலாமே?"

"சொல்லுவாளே. பால் பொங்கி வழிஞ்ச அன்னிக்கு மட்டும். அப்பவும் அவ தூங்கலையாம், கண்ணுதான் அசந்துச்சாம்."

தூக்கம் எழுந்து நின்றது. "என் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்தப் படியை மிதிக்க மாட்டேன்."

விறுவிறுவென்று கீழே இறங்கி, கேட்டருகே நாற்காலியில் இருந்த வாட்ச்மேனிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே குடியிருப்புச் செயலாளர் வந்து, "என்னய்யா, தூங்குறியா?" என்று அதட்டினார். "ஆமா சார், நல்லாத் தூங்கிட்டேன்" என்றார் வாட்ச்மேன். தூக்கத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மாடியில் முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் நாள் வேன் வரும் நேரம் நினைவில் தப்பி, இனியா கீழே பையோடு கால்மணி நேரம் நின்றாள். நான்காம் நாள் சின்னவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்தாள். வெறும் தண்ணீர். சுபாஷிணி கையை ஓங்கினாள். குழந்தையின் முதுகில் ஐந்து விரலும் பதிந்தன.

குழந்தை ஓடவில்லை. அடித்த அந்தக் கையையே இரண்டு கையாலும் பிடித்து, அதில் முகத்தை ஒளித்துக்கொண்டு அழுதது.

சுபாஷிணி தன் கையைப் பார்த்தபடி நின்றாள். இவ்வளவு நாள் சோறூட்டின கைதான். எப்போது இப்படி மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னல் திரைச்சீலை அதைப் பார்த்துவிட்டது. பால்கனிக்கு வெளியே பறந்து பறந்து கீழே இருந்த தூக்கத்தைக் கூப்பிட்டது. "உன் ரோஷத்தை நீயே வச்சுக்கோ. இங்கே பச்சைப்பிள்ளை அடி வாங்குது."

தூக்கம் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தது. "நான் வந்து என்ன செய்ய? போன் அடிச்சதும் என்னைத் தள்ளிவிட்டு எழுந்துடுவாளே. அவ கூப்பிட்டாத்தான் என்னால இருக்க முடியும்."

"அப்படின்னா கூப்பிட்டா காதுல விழுற தூரத்துலயாவது நில்லேன்."

மறுநாள் தூக்கம் மேலே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றது.

உள்ளே சுபாஷிணி தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி டப்பென்று நின்றது. உண்மையில் அதற்கு அவ்வளவு சூடு இல்லை, வேண்டுமென்றேதான் நின்றது. காபி டம்ளரோடு வந்த கதிரேசன் எட்டிப் பார்த்தான்.

"சூடேறியிருக்கும். அடியில சிவப்புப் பட்டன் இருக்கு, ஆனா இப்பவே அமுக்காத. பத்து நிமிஷம் சும்மா விடு, ஆறட்டும். பாவம், அதுவும் எவ்வளவுதான் ஓடும்?"

சுபாஷிணி திரும்பினாள். "ஏங்க, இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? பட்டனையா?"

"அந்தப் பாவத்தை."

கதிரேசன் மிக்ஸியைப் பார்த்தான். அப்புறம் அவள் கண்ணைப் பார்த்தான். மிளகாய் அரைக்காமலே சிவந்திருந்தது. அவனுக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கையிலிருந்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். மிக்ஸி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

மணி இரண்டானது. சுபாஷிணி பாயை விரித்துச் சின்னவளைக் கிடத்தினாள். கூடையில் துணி இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டுப் படுத்தாள். கூரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். தூக்கம் வரவில்லை. வாசலில்தான் நின்றது, ஆனால் வரவில்லை.

இரண்டு இருபது. செல்போன் கத்தியது.

"என்ன சுபா, தூங்குறியா?"

பழைய வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஜன்னலோரம் 'சும்மா' காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் கை சின்னவளின் முதுகில் கிடந்தது, நேற்று விரல் பதிந்த அதே இடத்தில்.

"ஆமா அண்ணி" என்றாள். "தூங்கப் போறேன். மூணு மணிக்கு நானே கூப்பிடுறேன்."

மறுமுனையில் மரகதத்தின் குரல் வந்தது. அந்தக் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதே இல்லை.

"அடிப்பாவி, இப்படியெல்லாம் சொல்லலாமாடி?"

"ஏன் அண்ணி?"

"எனக்கும் ரெண்டு மணியானா கண்ணைச் சொருகிட்டு வருது. படுத்தா இங்க யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு பயம். பேசிக்கிட்டு இருந்தா முழிச்சிருக்கலாமேன்னுதான் தினம் உன்னைக் கூப்பிடுறேன்."

சுபாஷிணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"போனை வச்சுட்டுப் படுங்க அண்ணி."

"யாராவது கேட்டா?"

"தூங்கினேன்னு சொல்லுங்க."

வாசலில் செருப்பு கழலும் சத்தம் கேட்டது. தூக்கம் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தது.

"இவளைப் பத்திரமாப் பார்த்துக்கோ" என்று தலையணையின் காதில் சொன்னது. "கண்ணை மூடிவிட்டுட்டு நான் கிளம்பணும். திருச்சியிலயும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க."