பலகையில் இரண்டாவது பேர்

சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்த ரத்தினவேல் அண்ணாச்சி, மதுரையில் திட்டமிடல் வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து தலைகால் புரியாமல் ஆடினார். சுவரில் பலகை மாட்டி, ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்று பேர் எழுதிப் போட்டார். வருகிற வியாபாரிகளிடம், "பாத்தீரா, இங்க ஒருத்தன் சும்மா நிக்க முடியாது!" என்று பீற்றிக்கொள்வார்.

மார்கழி சீசன். காலண்டர் தலையில் தகரப்பட்டை அடிக்கிற குருவம்மா வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நேத்திலிருந்து லீவு கேக்கேன். சாத்தூர் ஆஸ்பத்திரியில அம்மா இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

"உன் மிஷினை யாரு ஓட்டுவா? பலகையில சும்மா இருக்கிற ஒரு ஆளைக் காட்டு, போ."

குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்த முதலாளி பேரில் விரலை வைத்தாள்.

"இதுக்கு நேரா ஒரு வேலையும் எழுதலையே, அண்ணாச்சி."

கூட இருந்த வியாபாரி குபீரென்று சிரித்துவிட்டார். சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார். தகரம் கோணிக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் அச்சகத்து வேலை முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் தேங்கி நின்றது.

அம்மாவின் காரியம் முடிந்து குருவம்மா திரும்பியபோது, பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு பேர் எழுதியிருந்தது. பழக்கிவிட்ட ஆட்கள் மிஷினில் நின்றார்கள். சரக்கும் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இனி யார் போனாலும் வேலை நிக்காதும்மா," என்றார் அண்ணாச்சி. "அம்மா முகத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. எம்பேருக்குக் கீழ இந்தப் பேரை நான் முதல்ல கேட்ட அன்னைக்கே எழுதியிருந்தா, அம்மாவும் என்னையப் பாத்திருக்கும்."