கை வைக்கிற வேலை

காஸ்ட்யூம் வண்டிக்குள் ஏறும்போது யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. மாசிலாமணி மட்டும் கழற்றுவான். உள்ளே இருப்பது அவனுடைய குரு.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் ஜெபராணி. யூனிட் முழுக்க 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். சீடனுக்கு ஐம்பத்து மூன்று. குடைக் கம்பெனி மூடியதும் மச்சான்காரன் எப்படியோ பேசி இங்கே சேர்த்துவிட்டான். குடைத் துணி தைத்தவனுக்கு ஜாக்கெட் பிடிபடவில்லை. திட்டாமல், கத்தாமல், எட்டு மாதத்தில் பிடிபட வைத்தவர் மாஸ்டர்.

அவர் கழுத்தில் இஞ்ச் டேப் பாதி நேரம் சும்மாதான் தொங்கும். ஆள் படியேறி வருவதற்குள் தோள்பட்டை அளவைச் சொல்லிவிடுவார். ஒருமுறை பெரிய ஹீரோ ஒருவர், கோட்டு இறுக்குகிறது என்று தைத்தவனைப் பிடித்துக் கத்தினார். "போன மாசம் தைச்ச கோட்டுதான் சார். அது வளரல" என்றார் மாஸ்டர். ஹீரோ குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கிப் போய்ச் சிரித்தார்கள்.

அன்று சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். மாசிலாமணி ஒரு துணிப்பையோடு வந்து நின்றான்.

"மாஸ்டர், சின்ன வேலை ஒண்ணு."

"சொல்லுங்கண்ணே."

"எம் பொண்ணோட சுடிதார் டாப்பு. கையில்லாதது. கை வெச்சுத் தரணும். நான் வெச்சா கோணிக்கும்."

"பொண்ணு கேட்டுச்சா?"

"இல்ல. நான்தான்."

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். "உக்காருங்க. என்னாச்சு?"

மாசிலாமணி சொன்னான். மகள் யமுனா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ் கூட்டத்தில் ஒருத்தன் கை வைத்துவிட்டான். அவள் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். கதவு திறந்ததும் அவன் உதறிக்கொண்டு ஓடிவிட்டான். அதன் பிறகு பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் யமுனாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரமாக நிற்கக் கூடாதா, துப்பட்டா எங்கே, இதெல்லாம் ஒரு உடுப்பா என்று. புதன்கிழமையிலிருந்து வீட்டில் இருக்கிறாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

"அதுவா வேலைக்குப் போகலைன்னு உக்காந்திருக்கு?"

"நான்தான் போக வேணாம்னேன். கை வெச்சுட்டா அனுப்பலாம்னு பாக்குறேன்."

"கை வெச்சவன் யாரு?"

"இனிமேதானே மாஸ்டர் வெக்கணும். நீங்கதான்."

"பஸ்ல கேக்குறேன்."

மாசிலாமணி தலையைச் சொறிந்தான். "தெரியலையே. கூட்டம்."

"கையைப் பிடிச்ச பொண்ணு மூஞ்சியப் பாக்காமலா இருந்திருக்கும்?"

"ஏதோ சொன்னா. நெத்தியில தழும்புன்னா. பேட்ஜ் போட்டிருந்தான்னா. நான் சரியா காதுல வாங்கல."

"வேற என்ன கேட்டீங்க?"

"என்ன உடுத்தியிருந்தேன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்..." அவனுக்கே சிரிப்பு வந்தது. "நம்ம படத்து டயலாக் ஒண்ணு சொன்னேன்."

எந்த டயலாக் என்று மாஸ்டர் கேட்கவில்லை. தெரியும். பத்து நாளைக்கு முன் எடுத்த சீன். கதாநாயகி நீலப் பூப்போட்ட கையில்லாத சட்டையில் பஸ் ஏறுகிறாள். ரவுடி இடுப்பில் கை வைக்கிறான். ஹீரோ நாலு பேரை ஜன்னல் வழியே வெளியே எறிகிறார். எறிந்த பிறகு கதாநாயகி பக்கம் திரும்பி, "உடம்புல துணிக்குப் பஞ்சம் வெச்சுட்டு, ஊர்க்காரன் கண்ணுல குத்தம் தேடாதே" என்கிறார். மொத்த யூனிட்டும் கைதட்டியது. ஊசி நூலோடு ஓரமாக நின்ற மாசிலாமணிதான் முதலில் தட்டியவன். எட்டு மாதத்தில் அவனுக்கு மனப்பாடமான ஒரே வசனம் அது.

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"'இது எந்தப் படம்பா'ன்னா. அவ்வளவுதான். அதுலேருந்து பேச்சே கிடையாது."

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார் மாஸ்டர். யாரையும் லேசில் மெச்சாத வாய். மாசிலாமணிக்கு அது பெருமையா, குத்தலா என்று பிடிபடவில்லை. கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டான்.

"அப்ப டயலாக் தப்புங்கறீங்களா மாஸ்டர்? தியேட்டர் கிழியும்னு டைரக்டரே சொன்னாரு. அடுத்த சீன்ல அந்தப் பொண்ணு முழுக்கை ஜாக்கெட்டும் சேலையுமா வருது. ஊரே கும்புடுது. ரெண்டையும் தைச்சது நீங்க. துணியில ஒண்ணுமே இல்லையா?"

மாஸ்டர் டீ கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது. முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

"இடுப்புல கை வெக்கிற ஷாட்டு. அது யாரு கை?"

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்வியை அவனிடம் எந்நேரமும் கேட்கலாம். அன்று ரவுடி வேஷக்காரர் வேறு படத்துக்குப் போய்விட்டார். கதாநாயகியும் கிளம்பிவிட்டாள். அவளுக்கு டூப்பாகக் கோமதி என்ற பெண் நின்றாள். கைக்கு மட்டும் ஆள் இல்லை. அசிஸ்டென்ட் டைரக்டர் ஓடிவந்து ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்தார். "அண்ணே, உங்க கைதான் கரெக்ட். கருப்பா, முரடா இருக்கு. மூஞ்சி வராது. கை மட்டும்தான்" என்றார். ரவுடியின் கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டார்கள். மூன்று டேக். முதல் இரண்டில் கை நடுங்கியது. மூன்றாவதில் நடுங்கவில்லை. "சூப்பர்ணே" என்றார்கள். அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டான், படம் வந்தால் பாருங்கள், என் கை வரும் என்று. யமுனாகூட அவன் கையைப் பிடித்து, "ஸ்டார் கை" என்று கேலி பண்ணினாள்.

"என் கைதான் மாஸ்டர். மறந்துட்டீங்களா?"

"மறக்கல. கோமதி என்ன போட்டிருந்துச்சு?"

"அதே நீலச் சட்டை."

"கை?"

"கையில்லாததுதான். ஹீரோயின் போட்டதுதானே டூப்புக்கும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என்ன மாஸ்டர், மூணு டேக். இந்தக் கையால."

"அந்தப் பெட்டியத் திறங்க."

திறந்தான். அந்த சீனின் துணிகள் பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. மேலே 'ஹீரோயின்' என்று சீட்டு ஒட்டிய உறை. உள்ளே நீலச் சட்டை. கையில்லை. அவன் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தான், சொன்னேன் பார்த்தீர்களா என்கிற மாதிரி.

"கீழ இருக்கறது."

'டூப்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதே நீலம், அதே பூ. எடுத்து உதறினான். மடிப்புக்குள்ளிருந்து ஒரு கை சரிந்து அவன் முழங்காலில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மணிக்கட்டு வரைக்கும் நீளம். நுனியில் பட்டன். பட்டன் இரண்டும் போட்டபடி இருந்தன.

"இது எப்ப..."

"அன்னிக்குக் காலையில. 'கை வெச்சுக் குடுங்கக்கா, கொஞ்சம் தைரியமா இருக்கும்'னு கேட்டுச்சு. ஃப்ரேம்ல இடுப்பு மட்டும்தானே. வெச்சுக் குடுத்தேன்."

மாசிலாமணி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கோமதியின் இடுப்பில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அதை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். அதை மட்டும்தான் பார்த்தான். கைக்குப் பட்டன் இருந்தது தெரியாது. அவள் முகமும் இப்போது நினைவுக்கு வரவில்லை. ஒன்றுதான் நினைவிருந்தது. மூன்றாவது டேக்கில் அவன் கை பட்டதும் அந்த உடம்பு ஒரு தரம் வெட்டி இழுத்தது. நடிப்பு என்று தெரிந்தும் இழுத்தது. அது நன்றாக வந்திருக்கிறது என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார்.

"நடிப்புதானே மாஸ்டர்," என்றான்.

"நடிப்புதான். சொன்ன இடத்துல, சொன்ன நேரத்துல வெச்சீங்க. உங்களைக் குத்தம் சொல்லல."

வெளியே மைக்கில் யாரோ எல்லாரையும் ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் எழுந்தார். ஊசிகள் குத்திய பஞ்சுப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். யமுனாவின் டாப்பை எடுத்துத் தோள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தையல் நன்றாகவே இருந்தது. அவன் மடியில், அந்த நீலச் சட்டையின் மேல் வைத்தார்.

"நான் கேக்குறது ஒண்ணுதான். முழுக்கை வெச்சு, பட்டனும் வெச்சுத்தான் தைச்சேன். உங்க கை நின்னுச்சாண்ணே?"

மாசிலாமணி நீலச் சட்டையின் கைகளை உள்ளே மடித்து உறையில் போட்டான். பிறகு எழுந்து அயர்ன் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, மகளின் டாப்பை இருந்தபடியே மேஜைமேல் விரித்தான். திங்கட்கிழமைக்கு அது வேண்டும்.