ராஜாவுக்காகக் கத்தியவன்

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெடுங்கோ என்று ஒரு ராஜா இருந்தான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். யானை இருந்த ஊர், அது போதும்.

ராஜா சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, கத்தக் கூடாது. அந்த வம்சத்து வழக்கம். அதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள், பெயர் குன்றன். சிம்மாசனத்தை ஒட்டி நிற்பான். ராஜா சுண்டுவிரலைத் தூக்கினால் "ஆகா!" என்பான். ஆள்காட்டி விரலுக்கு "அடச்சீ!" கட்டைவிரலுக்கு "ஐயோ!"

சபையில் வேறு யார் சொந்தமாகக் கத்தினாலும் நாக்கு போகும். தனக்கென்று கத்தினால் குன்றனுக்கும் அதே கதிதான்.

ஒரு நாள் காலை பட்டத்து யானை கரும்பு வாங்கச் சபைக்கு வந்தது. வந்தது, குன்றனின் வலது காலில் ஏறி நின்றுகொண்டது.

உயிர் போகிற வலி. குன்றன் வாயைத் திறக்கவில்லை. ராஜாவின் விரலையே பார்த்தான்.

சுண்டுவிரல் எழுந்தது. யானை கரும்பு தின்கிற அழகு ராஜாவுக்குப் பிடித்துவிட்டதாம்.

"ஆகா!" என்றான் குன்றன், கண்ணில் தண்ணீரோடு.

ஆள்காட்டி விரல் எழுந்தது. யானை லத்தி போட்டிருந்தது.

"அடச்சீ!" இதை மட்டும் மனசாரச் சொன்னான்.

கட்டைவிரல் எழவே இல்லை.

"மந்திரியாரே, யானை என் கால்மேல் நிற்கிறது" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரிகிறதப்பா. இன்னும் ஒரு கட்டுக் கரும்புதான்."

இனி ஒரே வழி. குனிந்து ராஜாவின் தொடையை நறுக்கென்று கிள்ளினான். கட்டைவிரல் எழும், அந்தச் சாக்கில் கத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு.

கட்டைவிரல் எழவில்லை. ராஜாவே எழுந்துவிட்டான்.

"ஐயோ! அம்மா! செத்தேன்டா!"

அந்தக் குரலை யானை கேட்டதே இல்லை. மிரண்டு காலைத் தூக்கியது.

காவலன் வாளை உருவினான். யார் நாக்கை அறுப்பது என்று மந்திரியைப் பார்த்தான். மந்திரி சுவரைப் பார்த்தார்.

ராஜா தொடையைத் தடவினான். "கத்தினதும் பாதி வலி போச்சே! முப்பது வருஷமாக ஏன்டா சொல்லவில்லை?"

"நான் கத்தியதெல்லாம் தங்கள் வலி, மன்னா. எனக்கு எப்படித் தெரியும்?"

ராஜா அப்போதுதான் குன்றனின் காலைப் பார்த்தான். தோசை மாதிரி கிடந்தது.

"கத்துடா" என்றான்.

குன்றன் கத்தினான். யானை ஊரை விட்டே ஓடிற்று.

அன்றோடு சட்டம் போயிற்று. குன்றனின் வேலையும் போயிற்று. அதற்கும் ஒரு "ஐயோ" சொன்னான், சொந்தமாக.

தெரிந்துகொள்ளுங்கள்: அவரவர் வலிக்கு அவரவர் வாய்தான் கத்த வேண்டும், அதை அடைக்கிற சட்டம் சட்டமே இல்லை.