வளையாத தகடு

எஸ்தர் ராஜபாயிடம் உலோகம் படிக்க வந்தவர்களில் வேலப்பன்தான் மூத்தவர். குருவைவிடவே ஒன்பது வயது அதிகம். இருபது வருஷம் விமான உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் இருந்துவிட்டு, மனுஷ உடம்புக்குள் வைக்கிற டைட்டானியத்தைக் கற்றுக்கொள்ள அந்தக் கடலோர ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

நாலு வருஷம் பாடுபட்டு ஒரு உலோகக் கலவை கண்டார். உடம்புக்கு ஒவ்வாதது எதுவும் அதில் கிடையாது. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க அதில் ஒரு தகடு செய்தார். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் மயிரிழைகூட வளையாது. விமானத்தில் வளைந்தால் குற்றம். அந்தப் பழக்கம் அவரோடேயே வந்துவிட்டது.

ஆடுகளின் காலில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு மாதம் கழித்து எக்ஸ்ரே படம் எடுத்தால், தகடு வைத்தது வைத்தபடி இருந்தது. புண் இல்லை, சீழ் இல்லை. தகட்டுக்கு அடியில் எலும்பு மட்டும் செல்லரித்த பலகை மாதிரி மெலிந்திருந்தது.

அடுத்தது மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் குருவின் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. கடைசித் தேதிக்கு இன்னும் நாற்பது நாள்தான். எஸ்தர் படத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போடாமலே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலப்பன் ஆட்டின்மேல் குறை சொன்னார். தீனியின்மேல் சொன்னார். பிறகு கேட்டார்.

“அத்தனை பாரத்தையும் என் தகடே தாங்கியிருக்கு மேடம். எலும்புக்கு ஒரு சிரமமும் குடுக்கலை. அப்புறம் அது ஏன் மெலியணும்?”

“நாளையிலேர்ந்து நீங்க உக்காருங்க அண்ணாச்சி. உங்க வேலையை நான் பாக்கேன்” என்றாள்.

கேட்டதற்கு இது பதிலா என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் உலைக்கு முன்னால் அவள் நின்றாள். உருகி உறைந்த வில்லையைத் திருப்பிப் போட்டு ஆறு தடவை உருக்கினால்தான் கலவை ஒரே சீராக வரும். ஆறு தடவையும் அவளே உருக்கினாள். வெட்டிய துண்டை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவதையும் அவளே செய்தாள். அவர் கை நீட்டினால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று வாங்கிக்கொள்வாள். டீயும் அவர் மேஜைக்கே வந்தது.

மறுவீடு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் கவனிப்பு இல்லை என்று கேன்டீனில் கேலி பேசினார்கள். முதல் வாரம் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் கேன்டீன் பக்கம் போகவில்லை.

சந்தேகம் கேட்க வந்த பிள்ளைகள் அவரைத் தாண்டி அவளிடம் போனார்கள். ஒருநாள் பதினோரு மணிக்கு வந்து பார்த்தார். ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நாலு கீறல் விழுந்தது. துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பதாம் நாள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். கையெழுத்தைக் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறேன் என்றார்.

“ஏன் அண்ணாச்சி? உங்களுக்கு ஏதும் கஷ்டம் வச்சேனா?”

“கஷ்டமே வைக்கலையே. எல்லாத்தையும் நீங்களே செஞ்சிட்டா இங்க நான் எதுக்கு மேடம்?”

எஸ்தர் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“அந்த எலும்பு எட்டு மாசம் பொறுத்திருக்கு அண்ணாச்சி. நீங்க நாப்பது நாள்லயே கேட்டுட்டீங்க.”